எல்லாமே உண்மைதாங்க ஐயா

சலவைக் கடையில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்தார்கள். கறை போகுமா என்று வாடிக்கையாளர் கேட்டால், முன்னால் நிற்கிற மற்றவர்கள் எல்லாம் "போயிடும் சார், விட்டுட்டுப் போங்க" என்பார்கள். இவள் மட்டும் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "போகாதுங்க. வீட்டுல சோப்புப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு நீங்களே உள்ள அனுப்பி வச்சிட்டீங்க. இனிமே அது சட்டையோட சொந்தக்காரன்" என்பாள். வந்தவர் முகம் கறுத்துத் திரும்பிப் போவார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தாயே, உன் வாய்க்கு ஒரு கும்பிடு. பின்னால போய் இஸ்திரி போடு. துணியாவது உன்னை எதிர்த்துப் பேசாது" என்று உள்ளே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து நீராவி இஸ்திரிப் பெட்டியும் அவளும்தான். சூடு இரண்டு பேருக்கும் ஒன்று என்று கூட இருப்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் கெட்டவள் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். மனதில் ஒன்று, வாயில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கு என்று கேட்டால், "சேலை நல்லாத்தான் இருக்கு" என்பாள். மிச்சத்தை அந்த அம்மாவே புரிந்துகொள்ள வேண்டும்.

புருஷன் அதற்கு நேர் எதிர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். சொகுசுக் கார்களை வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் டிரைவர். முதலில் ஆக்டிங் டிரைவராகத்தான் போனான். ஆக்டிங் என்றால், வழக்கமான டிரைவர் வராத நாளில் மட்டும் கூப்பிட்டுக்கொள்கிற ஆள். அப்படிப் போனவனை நாள்தோறும் கூப்பிட்டார்கள், வருஷக்கணக்காகக் கூப்பிட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. "வேலைக்குச் சேர்த்துக்கிட்டதா ஒரு காயிதம் கேளுய்யா" என்று இவள் பிடுங்கி எடுத்தாள். ஒரு தடவை கேட்டும் பார்த்தான். முதலாளி அவன் தோளில் கையைப் போட்டு, "இது நம்ம குடும்பம்டா. குடும்பத்துல யாராச்சும் காயிதம் குடுப்பாங்களா?" என்றாராம். அதை வீட்டில் வந்து பூரிப்போடு சொன்னான். இவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமா, நீ ஆக்டிங். அவரு உன்னையவிடப் பெரிய ஆக்டிங்" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கிற விஷயமா அது?

கடைசியாக அவன் வீட்டுக்கு வந்தது ஒரு சாயங்காலம். முந்தின நாள் காலையில் கிளம்பி, வெளியூர் போய், இரவெல்லாம் ஓட்டி, பகலிலும் ஓட்டித் திரும்பியிருந்தான். கண் இரண்டும் கோவைப்பழம். வாசலில் உட்கார்ந்து ஒரு காலின் ஷூவைக் கழற்றினான். மற்றதைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. முதலாளி. விமானத்தில் ஒரு பெரிய மனுஷர் வருகிறார், பெரிய வண்டியைத்தான் கேட்கிறார், வேறு ஆள் இல்லை.

"மனுஷனா நீ, மாடா? மாட்டைக்கூட நடுவுல அவுத்து விடுவாங்க" என்று இவள் கத்தினாள்.

"போயிட்டு வந்து ஒரேயடியாத் தூங்கிடறேன்" என்று கழற்றின ஷூவைத் திரும்ப மாட்டினான்.

பாவி, வாய் முகூர்த்தம் என்பது இதுதான். விமானம் தாமதம் என்று அங்கே போய்க் காத்துக் கிடந்திருக்கிறான். விடிகிற நேரத்தில், அந்தப் பெரிய மனுஷர் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார் என்று தெரிந்து வெறும் வண்டியைத் திருப்பியிருக்கிறான். வழியில், இரவுக் காவல் முடித்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காவலாளியை இடித்து, பாலத்துச் சுவரில் மோதினான். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள்.

முதலாளி மாலையோடு வருவார் என்று இவள் நினைத்தாள். அவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். "அவன் எங்க ஆளே இல்லீங்க. எப்பவோ ஆக்டிங்கா வந்துட்டுப் போனவன். அன்னிக்கு வர்றியான்னு போன்ல கேட்டது வாஸ்தவம். முடியாதுன்னுட்டான். அப்புறம் வந்து, சாவி மாட்டுற இடந்தான் தெரியுமே, எடுத்துட்டுப் போயிருக்கான்" என்று சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு ஆளையே மறைத்தார். கூட ஓட்டின டிரைவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது.

செத்தவனைத் திருடன் என்று சொன்னால் செத்தவனுக்கு ஒன்றுமில்லை. இருக்கிறவர்களுக்குத்தான். அவர்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தெருவில் பெரிய கார் ஏதாவது போனால் போதும், கூட விளையாடுகிற பிள்ளைகள், "ஏய், உங்கப்பா தூக்கிட்டுப் போன காரு இதானா, பாத்துச் சொல்லு" என்பார்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? வீட்டில் பெரியவர்கள் பேசியதுதான், வேறென்ன. மகள் முதலில் சண்டை போட்டாள், அப்புறம் அழுதாள், அப்புறம் விளையாடவே போகவில்லை. ஒரு நாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து, "அப்பா நெசமாவே எடுத்துட்டுப் போனாரா?" என்று மெல்லக் கேட்டாள். அன்றைக்குத்தான் இவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. நஷ்டஈடு வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். அந்த மனுஷன் திருடன் இல்லை என்று ஒரு அதிகாரி வாயால் சொல்ல வேண்டும், அதை மகள் கேட்க வேண்டும் என்று தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டாள்.

மனு இருந்தது, சாட்சி இல்லை. "அவரு அங்க வேலை பாத்ததுக்கு ஆதாரம் என்னம்மா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். மோசமான மனுஷர் இல்லை. சோடாப் புட்டி போல ஒரு பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லோரையும் கடைசிவரை பேசவிடுவார். ஆதாரம் என்று காட்ட இவளிடம் இருந்தது அவன் போட்ட வெள்ளைச் சட்டைகள்தான். "வெள்ளைச் சட்டை ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்குமே" என்றார் கம்பெனி வக்கீல். சிரிக்காமல் சொன்னார், அதுதான் எரிச்சல்.

அந்த அலுவலகத்து நடையில் ஒரு பெஞ்சு. அதில்தான் காவலாளியின் மனைவியைப் பார்த்தாள். வண்டியைக் கம்பெனி அனுப்பியதா இல்லையா என்று தெரிந்தால்தான் அந்த அம்மாவின் வழக்கு நகரும். அதனால் ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து உட்கார்ந்துவிடுவாள். முதல் நாள் யாரென்று தெரிந்ததும் இவள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். அந்த அம்மாதான் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

"உன் வீட்டுக்காரரு தூங்காம ஓட்டினாராமே, நெசமா?"

பட்டாசுக்கு மறைக்கத் தெரியுமா? ஒரு ஷூவைக் கழற்றியது, போன் வந்தது, திரும்ப மாட்டியது எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த அம்மா பாட்டிலை வாங்கி மூடினாள். அப்புறம், "எங்க வீட்டுக்காரரும் தூங்காத மனுஷன்தான். இருபது வருஷமா ஊரான் வீட்டு வாசல்ல முழிச்சுக் கிடந்தாரு. தூங்காத ரெண்டு பேரும் ஒருத்தரு மேல ஒருத்தரு விழுந்துட்டாங்க. இதுல யாரைன்னு திட்டறது? உன் மேலயும் அவரு மேலயும் எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தூங்கவிடாதவன் நல்லாருக்க மாட்டான்" என்றாள். இப்படி ஒரு வார்த்தை சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? நமக்கு வருமா?

ஆதாரம் வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. இவளுடைய தம்பி மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர், "தம்பி, வீட்டு விசேஷத்துக்குப் பெரிய கார் புக் பண்ணணும். இந்த வெப்சைட்டை நம்பலாமா, இல்ல அட்வான்ஸை வாங்கிட்டு ஏப்பம் விடற கோஷ்டியா? கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்று போனை நீட்டினார். தம்பி விரலால் தள்ளிக்கொண்டே போனான். ஒரு பக்கத்தில் அவன் கை நின்றுவிட்டது. கறுப்புக் கார் ஒன்றின் கதவைத் திறந்து பிடித்தபடி, பல்லெல்லாம் தெரிய நிற்கிறான் அவனுடைய மாமா, அக்கா புருஷன். கீழே எழுதியிருக்கிறது: ‘எங்கள் நிரந்தர ஓட்டுநர்களில் மூத்தவர். எந்த நேரமும் எங்கள் வண்டிச் சாவியை நம்பி ஒப்படைக்கும் கைகள்.’

நிரந்தரம் என்றும் இருக்கிறது, சாவி என்றும் இருக்கிறது. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக எழுதித் தந்திருக்க மாட்டார்கள். முதலாளி அந்தப் படத்தை ஏன் நீக்கவில்லை என்றால், அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தவனோடு அவருக்குச் சண்டை. அவன் போய்விட்டான், அதில் எப்படிக் கை வைப்பதென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. கஞ்சனுக்கு வந்த கேடு.

தம்பி கடையை மூடிவிட்டு அக்காவை உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினான். கம்பெனி ஆபீஸ் என்று கண்ணாடி மாளிகை ஒன்றின் படம். அசல் ஆபீஸ் டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை. ‘எல்லாம் எங்கள் சொந்த வண்டிகள்’ என்றிருந்தது. முக்கால்வாசி வண்டி மற்றவர்களிடம் வாடகைக்கு எடுத்து மேல்வாடகைக்கு விடுவது. ஒரு படத்தில் ஸ்டியரிங்கே நம் ஊர் வண்டிகளுக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்தது. எந்த தேசத்துப் படத்தையோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் புகழ்ந்து எழுதியது என்று ஒரு பக்கம். அதில் அத்தனை பேருக்கும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. எல்லாம் முதலாளியின் மருமகன் உட்கார்ந்து எழுதியது என்று புருஷன் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்கிறான். "பேச்சு பல்லக்கு, தம்பி பொடிநடை" என்று சொல்லிவிட்டு இவள் சிரித்தாள். அவன் போனதற்கு அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் தம்பி இன்னொரு பக்கத்தைத் திறந்தான். ‘உங்கள் பாதுகாப்பு’ என்று தலைப்பு. ‘எங்கள் ஓட்டுநர்கள் முழு இரவு உறங்கி எழுந்த பிறகே வண்டியில் ஏறுவார்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.’

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நாசமாப் போறவனுங்க" என்றாள். "டேய், இதையும் அதிகாரிகிட்டக் காட்டணும். இது பச்சைப் பொய்னு நான் சொல்லணும்."

"அக்கா, காரியத்தைக் கெடுத்துடாதே" என்று தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த ஆளு வக்கீல். இது பொய்னு நீ சொன்னா, பாருங்க, பொய் எழுதற வெப்சைட்டுன்னு அவங்களே சொல்றாங்க, மாமா படத்துக்குக் கீழ எழுதினதும் பொய்தான்னு ஒரே போடாப் போட்டுருவாரு. எது கேட்டாலும் உண்மைன்னு சொல்லு. எல்லாமே உண்மை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உன் வாயைக் கட்டிக்கோ. பாப்பாவுக்காக."

பாப்பா என்றதும் அவள் அடங்கிவிட்டாள். சரி என்றாள்.

விசாரணை அன்று தம்பி அந்தப் படம் இருந்த பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தான். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் அசரவில்லை.

"ஐயா, இதெல்லாம் விளம்பரம். வெப்சைட்ல எழுதறதை யாருங்க நம்புவாங்க? படம் அழகா இருக்கட்டும்னு யாரோ ஒருத்தரை நிக்க வச்சு எடுத்திருக்காங்க. ஆக்டிங் டிரைவர்தானே, ஒரு நாள் ஆக்ட் குடுத்திருக்காரு" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தன் கம்பெனி சொல்வதை யாரும் நம்ப வேண்டாம் என்று ஒரு கம்பெனியே வந்து வாதாடுகிறது. கலி முற்றித்தான் போய்விட்டது.

அதிகாரிக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. இவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்த வெப்சைட்டை நம்பி நான் ஒரு முடிவு எழுதணும்னா, இது நம்பத் தகுந்ததான்னு எனக்குத் தெரியணும். முழுக்கப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"இதுல பொய்னு உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது உண்டா?"

கண்ணாடி மாளிகை, எதிர்ப்பக்க ஸ்டியரிங், எழுத்துப்பிழைப் புகழ்ச்சி எல்லாம் அவள் தொண்டைவரை வந்தன. அப்படியே விழுங்கினாள். "இல்லீங்க ஐயா. எல்லாமே உண்மைதாங்க."

வக்கீல் குனிந்து முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். முதலாளி முதலில் தலையை ஆட்டி மறுத்தார், அப்புறம் யோசித்தார், அப்புறம் சம்மதம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார். வக்கீல் எழுந்தார். அவருடைய குரல் இப்போது தேனாக இருந்தது.

"ஐயா, அந்த அம்மா இவ்வளவு சொல்லும்போது நாங்க ஏன் பிடிவாதம் பிடிக்கணும்? வெப்சைட்டை ஒத்துக்கறோம். அவரு எங்க டிரைவர்தான். சாவியும் நாங்க குடுத்ததாவே இருக்கட்டும்." பிறகு தன் போனை எடுத்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். "எங்கள் ஓட்டுநர்கள் முழு இரவு உறங்கி எழுந்த பிறகே வண்டியில் ஏறுவார்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. ஏம்மா, இதுவும் உண்மைதானே?"

ஆப்பு இறுகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவளோ வாயைக் கட்டப் போய்க் கெட்டாள். இல்லை என்று சொன்னால் படமும் போச்சு, சாவியும் போச்சு. மகள் திருடன் மகளாகவே இருப்பாள். ஆமாம் என்று சொன்னால் அந்த ஷூவைத் திரும்ப மாட்டிய மனுஷனை இவளே கழுத்தைப் பிடித்துத் தள்ளினது மாதிரி. தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவோரத்து நாற்காலியில் காவலாளியின் மனைவி கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"உண்மைதாங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

"உண்மைதாங்க ஐயா. தூங்கித்தான் போனாரு."

அதிகாரி தட்டச்சு செய்கிறவரிடம் வரி வரியாகச் சொன்னார். இறந்தவர் கம்பெனியின் ஓட்டுநர். வண்டியைக் கம்பெனியின் சம்மதத்தோடு எடுத்துச் சென்றார். போதுமான ஓய்வுக்குப் பிறகே வண்டி ஓட்டினார் என்று மனைவியே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே வேலைச் சுமை விபத்துக்குக் காரணம் அல்ல, ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம், கம்பெனி மேல் குற்றமில்லை. ஒவ்வொரு வரிக்கும் தட்டச்சு மெஷின் டக்டக்கென்று அடித்தது. முதலாளி எழுந்து அதிகாரியைக் கும்பிட்டார். போகிறபோது இவளையும் கும்பிட்டார். அந்தக் கும்பிட்ட கையை முறித்துப் போட்டிருக்க வேண்டாமா?

நடைக்கு வந்ததும் தம்பி, "அக்கா, திருடன் இல்லேன்னு எழுதிட்டாங்கக்கா. பாப்பாகிட்டச் சொல்லலாம்" என்றான். அவனுக்கு அழுகை வந்தது. இவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காவலாளியின் மனைவி அவள் எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை, கையை ஓங்கவில்லை.

"ஏம்மா, நல்லாத் தூங்கி எழுந்து வந்துதான் இடிச்சாரா? தூக்கம் கெட்ட மனுஷன், பாவம்னு நான் இத்தனை நாளா மனசைத் தேத்திக்கிட்டிருந்தேனே. எம் புள்ளைங்ககிட்டயும் அப்படித்தானே சொல்லி வச்சிருக்கேன்."

"தூங்கலம்மா" என்றாள் இவள். "அவரு கண்ணை மூடவே இல்ல. நான் சொன்னது பொய்."

"எது பொய்? அன்னிக்கு இந்த பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டே சொன்னியே, அதுவா? இப்ப உள்ள சொன்னியே, அதுவா?"

"உள்ள சொன்னதும்மா. சத்தியமா உள்ள சொன்னதுதான்."

"அப்படின்னா எழுந்து போய்ச் சொல்லு. ஐயா இன்னும் எந்திரிக்கல, காயிதத்துல கையெழுத்துகூடப் போடல. போ, நான் கதவைப் பிடிச்சுக்கறேன்."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேனாவைத் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் போதும். இவள் எழுந்திருக்கப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் மகள் வீட்டுக்கு வந்து என்னம்மா சொன்னாங்க என்று கேட்பாள். கேட்பாளே. இவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மா கதவைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அதிகாரி பேனாவைக் கண்டெடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் கதவை விட்டாள்.

"அப்ப உன் வீட்டுக்காரரு தூங்கி எழுந்துதான் வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.